தொய்வில்லாத கயிறு: தொழில்முறை மரமேறிகளாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பனையேறிகள் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மரத்தைக் கைகளால் அணைத்து ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, மரமேறுதல் என்றால் கைகால் பலம் என்றே தோன்றும். கிளையில்லாத, ஒரே சீரான பருமனுள்ள பனைக்கும் தென்னைக்கும் அந்த முறை பொருந்துகிறது. ஆனால் இருவர் சேர்ந்தாலும் அணைக்க முடியாத அடிமரமும், ஆறேழு மீட்டர் உயரத்துக்குப் பிறகே தொடங்கிப் பக்கவாட்டில் பரந்து செல்லும் கிளைகளும் கொண்ட ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் கைப்பிடிக்கு வேலையே இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபின், முறிந்தும் முறியாமலும் தொங்கிய கிளைகளை அகற்ற வெறுங்காலும் அரிவாளுமாக ஏறியவர்களைக் கண்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அத்தகைய மரத்தில் ஏறுபவரைத் தாங்க வேண்டியது கயிறு. கையும் காலும் உடலை நகர்த்துவதற்கு மட்டுமே.

தூங்குமூஞ்சி மரம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இரட்டைக் கயிற்று முறையில் ஏறுவது, மேலே இடம் மாறுவது, வேலை செய்வது, இறங்குவது ஆகியவற்றை வரிசையாக இங்கே விளக்குகிறேன். ஒற்றைக் கயிற்று முறை என்று இன்னொன்றும் இருக்கிறது. அது விரைவானது என்றாலும், கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டும்போது மேலுள்ள கவையின் (கிளை பிரியும் கவட்டின்) மீது ஏறுபவரின் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுமை விழுவதால், மரத்தின் வலுவை மதிப்பிடும் அனுபவம் வந்தபின் கற்பதே நல்லது. இதைப் படித்துவிட்டு நேராக மரத்துக்குப் போய்விடாதீர்கள். இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு முடிச்சையும் அசைவையும், அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்க, தரையிலிருந்து கால் ஒரு மீட்டருக்கு மேல் எழாத உயரத்தில் முதலில் பழகுங்கள்.

முறையின் அடிப்படை

கயிறு மேலே ஒரு கவையைச் சுற்றிக் கீழே வருகிறது. அதன் ஒரு முனை, நீங்கள் இடுப்பிலும் தொடையிலும் அணியும் தாங்குபட்டையான ஹார்னெஸில் கட்டப்படுகிறது. மறுபுறம் இறங்கிவரும் கயிற்றில் ஒரு பிடிமுடிச்சு போடப்பட்டு, அதுவும் ஹார்னெஸில் இணைக்கப்படுகிறது. பிடிமுடிச்சு என்பது, எடை விழும்போது கயிற்றைக் கவ்விக்கொண்டு, எடை நீங்கும்போது கையால் நகர்த்தும்படி தளர்ந்து கொடுக்கும் முடிச்சு. உங்கள் எடையை இரு பக்கக் கயிறுகளும் ஏறக்குறையப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வதால், உங்களை மேலே இழுக்கத் தேவைப்படும் விசை குறைகிறது. அதற்கு விலையாக, ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டியிருக்கிறது. கவை 15 மீட்டர் உயரத்தில் இருந்தால் 30 மீட்டருக்கும் மேல் கயிறு வேண்டும் என்பதால், 45 மீட்டர் கயிறு ஒன்று கையில் இருந்தால் பெரும்பாலான மரங்களைச் சமாளித்துவிடலாம்.

இந்த முறையில் முதலும் முடிவுமான விதி, உங்களுக்கும் கவைக்கும் இடையே கயிற்றில் தொய்வு விடக்கூடாது என்பதே. மரமேறப் பயன்படும் கயிறு, பாறையேறுபவர்களின் கயிற்றைப்போல் விழுகையை வாங்கி நீளும்படி செய்யப்பட்டதல்ல. மிகக் குறைவாகவே நீளும். ஆகவே அரை மீட்டர் தொய்வில் கால் வழுக்கினால்கூட, அந்த உதறல் முழுவதும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் கவையிலும் இறங்கும். நானும் பழகிய நாட்களில் இரண்டு முழம் தொய்வோடு ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு எட்டிக் கால் வைத்து, வழுக்கி, ஒரு வாரம் நிமிர்ந்து உட்கார முடியாமல் கிடந்திருக்கிறேன். கயிறும் முடிச்சும் தம் வேலையைச் சரியாகவே செய்தன. பிழை அந்த இரண்டு முழத்தில்தான் இருந்தது.

கருவிகளும் அவற்றைப் பார்க்கும் விதமும்

கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், மரமேறுவதற்கென்றே தயாரிக்கப்பட்டதாக, ஏறத்தாழ 24 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,400 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிலோக்கணக்கில் விற்கும் நைலான் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதற்கு ஆகாது. அதன் வலிமைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை, முடிச்சும் அதில் ஒரே சீராகக் கவ்வாது. இவற்றுடன் தொடையையும் இடுப்பையும் தாங்கும் மரமேறிகளுக்கான ஹார்னெஸ், தானாகப் பூட்டிக்கொண்டு மூன்று அசைவுகளில் மட்டுமே திறக்கும் கேரபினர்கள் எனப்படும் இணைப்பு வளையங்கள், லேன்யார்டு எனப்படும் இடைக்கயிறு, தாடைப்பட்டையுள்ள தலைக்கவசம், கண்ணாடி, உறையோடு கூடிய கைரம்பம் ஆகியவை வேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன் கயிறு முழுவதையும் வெறுங்கையால் உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடிக்கும். ஓரிடத்தில் கயிறு திடீரென மெலிந்தோ, தட்டையாகவோ, மடித்தால் குழைந்து போவதாகவோ இருந்தால் உள்ளிழைகள் அறுந்திருக்கின்றன என்று பொருள். பளபளப்பாகவும் கடினமாகவும் இருந்தால் உராய்வுச் சூட்டில் உருகியிருக்கிறது. அப்பகுதி முனைக்கு அருகில் இருந்தால் வெட்டி நீக்கலாம், நடுவில் இருந்தால் கயிற்றை ஏறும் வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். வண்டியில் கொண்டுபோகும்போது பேட்டரி இருக்கும் பக்கத்தில் கயிற்றை வைக்காதீர்கள். பேட்டரி அமிலம் நைலானை அரிக்கும், அரித்த தடயம் வெளியில் தெரியாமலும் போகலாம்.

மரத்தைச் சுற்றி ஒரு நடை

கயிற்றைப் பையிலிருந்து எடுக்கும் முன் மரத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். அடிமரத்தில் காளான், வேர்ப்பகுதியில் மண் விரிசல், பொந்து, கரையான் மண், பட்டை உரிந்து காய்ந்த கிளை, ஏற்கெனவே முறிந்து வேறொரு கிளையில் சிக்கித் தொங்கும் துண்டு ஆகிய ஒவ்வொன்றும் ஏறும் வழியையோ ஏறலாமா என்ற முடிவையோ மாற்றும். மலைத்தேனீக் கூடும் கடந்தைக் கூடும் இருந்தால் அன்றைய வேலை அங்கேயே நிற்க வேண்டும். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது. மின்கம்பி அருகில் சென்றால், மின்வாரியத்தின் மூலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை உடலோ கயிறோ ரம்பமோ வெட்டப்படும் கிளையோ குறைந்தது மூன்று மீட்டருக்குள் போகக்கூடாது, உயரழுத்தக் கம்பிக்கு அதைவிடவும் கூடுதலான தூரம் வேண்டும். ஈரக்கயிறும் ஈரக்கிளையும் மின்சாரத்தைக் கடத்தும்.

மரத்தின் இனமும் முக்கியம். பிடித்தால் புளியங்கொம்பாகப் பிடிக்க வேண்டும் என்று நம் ஊரில் சொல்வது மாப்பிள்ளை பார்க்க மட்டுமல்ல, மரமேறுபவருக்கும் அப்படியே பொருந்தும். புளியின் கிளை வளைந்து தாங்கும். முருங்கையும் நாவலும் மயிற்கொன்றையும் எச்சரிக்கையின்றி முறியும். தூங்குமூஞ்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் தடித்த கிளைகளை நம்பலாம், ஆனால் நீண்டு கிடையாகப் போகும் கிளைகளின் நுனியில் ஏற்கெனவே பெரும் பாரம் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

எறிநூலும் கவையும்

முதல் கயிற்றை மேலே கொண்டுசெல்ல, சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான நூலின் முனையில் 300 முதல் 400 கிராம் எடையுள்ள குண்டுப் பையைக் கட்டி எறிய வேண்டும். நூல் முழுவதையும் ஒரு பெட்டியில் தளர்வாகக் கொட்டி வைத்தால் சிக்காமல் ஓடும். நூலின் மடிப்பை இரு கைகளாலும் பிடித்து, குண்டைக் கால்களுக்கு நடுவே தொட்டிலைப்போல் ஆட்டி, முன்னே எழும்போது விடுவது புதியவர்களுக்கு எளிது. கண் கவையின் மீது இருக்க வேண்டும், குண்டின் மீதல்ல. எறியும்போது சுற்றியிருப்பவர்கள் விலகி நிற்க, அனைவரும் தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் நூல் நாம் விரும்பிய கவையோடு வேறு இரண்டு மூன்று கிளைகளின் மேலும் விழும். உடனே திரும்ப எறியாதீர்கள். நூலை மெல்ல இழுத்துக் குண்டை வேண்டாத கிளையின் விளிம்புவரை உயர்த்தி, அதைத் தாண்டியதும் மெதுவாகக் கீழே விட்டால், குண்டு அடுத்த கிளைக்கு உட்புறமாக இறங்கும். இப்படி ஒவ்வொரு கிளையாகக் கழித்துக்கொண்டே வந்து வேண்டிய கவையில் மட்டும் நிறுத்தலாம். பத்துமுறை எறிவதைவிட இது விரைவானது. குண்டு சிக்கிக்கொண்டால் முகத்துக்கு நேராக நூலை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, ஏனெனில் விடுபடும் குண்டு கவணிலிருந்து வரும் கல்லைப்போல் வந்து சேரும்.

ஆதாரமாகக் கொள்ளும் கவை உயிருள்ளதாக, குறைந்தது பத்து சென்டிமீட்டர் பருமனுள்ளதாக, அடிமரத்தை ஒட்டியதாக, அடிப்பகுதி அகன்றதாக இருக்க வேண்டும். குறுகிய கோணத்தில் இரு கிளைகள் சேருமிடத்தில் கயிறு இறுகிச் சிக்குவதோடு, பட்டை உள்ளே மடிந்து வளர்ந்திருந்தால் அந்த இணைப்பே பிளக்கக்கூடும். நூலைக் கொண்டு ஏறுகயிற்றை மேலே இழுத்ததும், இரு பக்கக் கயிறுகளையும் சேர்த்துப் பிடித்து இருவர் தம் முழு எடையையும் படிப்படியாக ஏற்றித் தொங்கிப் பாருங்கள். தரையில் நிற்கும்போது முறிகிற கிளை உங்களுக்கு நன்மையே செய்கிறது. கவையில் கயிறு நேராக உராய்ந்தால் பட்டையும் கயிறும் தேயும் என்பதால், இரு முனைகளிலும் வளையமுள்ள பட்டை ஒன்றைக் கவையில் போட்டு அவ்வளையங்களுக்குள் கயிற்றை ஓடவிடுவது நல்லது.

பிளேக் முடிச்சு

பிடிமுடிச்சுகளில் பலவகை உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புரூசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு மலையேறுபவர்களிடையே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மரமேறிகள் முதலில் கற்கும் பிளேக் முடிச்சை ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் முன்பே விவரித்திருந்தாலும், அமெரிக்காவின் ஜேசன் பிளேக் 1994-இல் மரமேறிகளுக்கு அறிமுகப்படுத்தியதால் அது அவர் பெயரையே பெற்றது. தானாக உருண்டு தளராது, ஏறுகயிற்றின் அதே தடிமனுள்ள கயிற்றிலேயே போடலாம், தவறாகப் போட்டால் பார்த்தவுடனே தெரியும் என்ற மூன்று காரணங்களால் புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தனிக்கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைக் கேரபினர் மூலம் ஹார்னெஸில் இணையுங்கள். மறுமுனையைக் கொண்டு, கவையிலிருந்து இறங்கிவரும் ஏறுகயிற்றின் மீது கீழிருந்து மேலாக நான்கு சுற்றுகள் சுற்றுங்கள். முதல் இரண்டு சுற்றுகளுக்குள் உங்கள் கட்டைவிரலும் அகப்பட்டிருக்க வேண்டும், அடுத்த இரண்டு சுற்றுகள் விரலுக்கு மேலே கயிற்றை மட்டும் சுற்ற வேண்டும். இப்போது முனையைக் கீழே இறக்கி, ஹார்னெஸிலிருந்து எழுந்து வரும் தன் அடிப்பகுதிக்கு முன்பக்கமாகக் கடத்தி, ஏறுகயிற்றின் பின்புறம் சுற்றிக் கொண்டுவந்து, கட்டைவிரல் இருந்த இடைவெளியின் வழியே கீழ்ச்சுற்றுகள் இரண்டுக்குள்ளிருந்தும் வெளியே இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமைய வேண்டும். வெளியே வந்த வால் ஒரு சாண் நீளமாவது இருக்கவேண்டும். அதன் முனையில் எட்டு வடிவத் தடைமுடிச்சு ஒன்றைத் தவறாமல் போட வேண்டும், ஏனெனில் வால் உள்ளே இழுபட்டுப் போனால் முடிச்சே இல்லாமல் போய்விடும்.

முடிந்ததும் சுற்றுகளைச் சீராக்கி, கையால் இறுக்கி, தரையிலேயே முழு எடையுடன் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், ஆயிரமாவது முறையும். ஏறுகயிற்றின் முனையை ஹார்னெஸில் இணைக்கும் முடிச்சுக்கும் இதே விதிதான். பிடிமுடிச்சுக்காகத் தனித்துண்டைப் பயன்படுத்தச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: மேலே போனபின் கயிற்றின் முனையை வேறொரு கவையைச் சுற்றிக் கொண்டுவர நேரும்போது, பிடிமுடிச்சை அவிழ்க்காமலே கேரபினரைக் கழற்றி மாட்டி அதைச் செய்துவிடலாம். வால்டோட்டெய்ன், டிஸ்டெல் போன்ற முடிச்சுகள் இன்னும் எளிதாக நழுவிக் கொடுக்கும் என்றாலும், சுற்று ஒன்று குறைந்தாலோ கயிற்றின் தடிமன் மாறினாலோ அவை கவ்வாமல் வழுக்கக்கூடும். அவற்றுக்கு அவசரப்பட வேண்டாம்.

ஏறுதல்

பாதங்களை அடிமரத்தில் ஊன்றி, இடுப்பை மேல்நோக்கி உந்தி, அதே கணத்தில் பிடிமுடிச்சுக்கு மேலுள்ள கயிற்றைக் கீழே இழுத்து, கிடைத்த தொய்வை முடிச்சை மேலே தள்ளி வாங்கிக்கொள்ளுங்கள். கையால் மட்டும் இழுத்தால் ஐந்து மீட்டரில் களைத்துப்போவீர்கள். இடுப்பின் உந்துதலே உயர்த்த வேண்டும். முடிச்சுக்குக் கீழே சிறிய கப்பி ஒன்றைக் கயிற்றில் மாட்டி ஹார்னெஸில் இணைத்தால், கீழே நிற்பவர் கயிற்றின் வாலை இழுத்தே முடிச்சை மேலே தள்ளிவிடலாம். முடிச்சு எப்போதும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். எட்டாத உயரத்தில் இறுகிய முடிச்சை விடுவிக்க வழியில்லாமல் நடுவானில் தொங்குவது பழகுநர்களுக்கு அடிக்கடி நேர்வது. ஏறுகயிற்றின் கீழ்முனை தரையைத் தொடாவிட்டால் அதிலும் ஒரு தடைமுடிச்சு போட மறக்காதீர்கள்.

கவையின் உயரத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் கயிறு உங்களுக்குக் கீழே போய்விடும், அது தொய்வைவிட மோசமானது. இன்னும் மேலே போக வேண்டியிருந்தால், முதலில் இடைக்கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டி, அதில் எடையைச் சாய்த்து அது தாங்குகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே ஏறுகயிற்றைக் கழற்றி மேலுள்ள கவைக்கு மாற்ற வேண்டும். புதியது எடையைத் தாங்கிய பிறகே பழையதைக் கழற்றுவது என்ற வரிசை ஒருபோதும் மாறக்கூடாது.

கிளையில் நடத்தல்

தூங்குமூஞ்சி மரத்தின் பெரும்பகுதி வேலை அடிமரத்திலிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, கிடைக்கிளைகளின் நுனியில்தான் இருக்கும். புதியவர்கள் கிளையைக் கட்டிக்கொண்டு நகர்ந்து போவார்கள், அது தவறு. உடலை அடிமரத்தை நோக்கித் திருப்பி, கயிற்றை இறுக்கமாக வைத்து, அதில் சற்றே பின்சாய்ந்து, பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடி வைத்து நடக்க வேண்டும். பிடிமுடிச்சைச் சிறிது சிறிதாக இளக்கி, ஒவ்வோர் அடிக்கும் தேவையான கயிற்றை மட்டும் விடுங்கள். கயிறு உங்கள் எடையில் பெரும்பங்கைத் தாங்குவதால், நேராக நின்றால் வளைந்து முறியக்கூடிய கிளையிலும் வெகுதூரம் போக முடியும்.

ஆதாரக் கவை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு எளிதாக இந்த நடை அமையும். கவை உங்கள் பாதத்துக்கு மேல் எட்டு மீட்டர் உயரத்தில் இருக்க, நீங்கள் எட்டு மீட்டர் வெளியே போனால் கயிறு 45 பாகைச் சாய்வில் நிற்கும். அதற்கு மேல் போகப்போகக் கயிறு உங்களைத் தாங்குவதைவிட உள்ளே இழுப்பதே அதிகமாகிறது. கால் வழுக்கினால் ஊசலைப்போல் ஆடிச்சென்று அடிமரத்தில் மோதுவீர்கள். ஆகவே கவை உங்கள் பாதத்துக்கு மேல் இருக்கும் உயரத்தைவிட அதிக தூரம் வெளியே போவதில்லை என்று வைத்துக்கொண்டால் பழகும் காலத்தில் நல்லது. அதைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால், போகும் வழியில் உயரமான வேறொரு கவைக்குள் கயிற்றைத் திருப்பி விடலாம். கயிறு லேசாக வளைந்தால் அந்த இடைக்கவையில் சுமை குறைவு. கூர்மையாகத் திரும்பினால் சுமையும் உராய்வும் ஏறிக்கொண்டே போகும். அந்த இடைக்கவை முறிந்தால் எங்கே போய் மோதுவோம் என்று பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். திரும்பி வரும்போது அதே வழியே வந்து கயிற்றை விடுவிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இன்னொரு வழி, வேறொரு கவையிலிருந்து இரண்டாவது கயிற்றையும் பிடிமுடிச்சோடு கொண்டுவந்து ஹார்னெஸில் இணைத்து, இரண்டுக்கும் நடுவே உடலை நிறுத்துவது. தூரியில் உட்கார்ந்ததுபோல் அசையாமல் வேலை செய்யலாம். நேரம் பிடிக்கும் என்று பலர் தவிர்க்கிறார்கள்; என் அனுபவத்தில், அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டவர்கள்தான் மாலையில் முன்னதாக இறங்குகிறார்கள்.

வெட்டுவதும் இறக்குவதும்

ரம்பத்தை எடுக்கும் முன் ஏறுகயிறு, இடைக்கயிறு ஆகிய இரண்டும் உங்களைத் தாங்கியிருக்க வேண்டும். இறுக்கமாக நிற்கும் கயிற்றில் கைரம்பம் ஒருமுறை உரசினாலே அறுந்துவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் இரு கயிறுகளும் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். கிளையை அதன் கழுத்திலிருந்து, அதாவது அது தாய்மரத்தோடு சேருமிடத்துப் புடைப்பிலிருந்து, ஒரு முழம் தள்ளி அடியில் சிறிது அறுத்து, பிறகு அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழவிட்டு, மிஞ்சிய கட்டையைக் கழுத்தை ஒட்டி நறுக்கினால் பட்டை உரியாது.

கீழே கூரையோ சுவரோ இருந்து கிளையைக் கயிற்றில் இறக்க வேண்டியிருந்தால் அதற்கெனத் தனிக்கயிறு வேண்டும், ஏறுகயிற்றை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. எட்டாத கிளையில், இழுத்தால் சுருக்காக இறுகும் ‘ஓடும் பௌலைன்’ முடிச்சைப் போட்டுத் தள்ளிச் சுருக்கலாம். கீழே நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றிப் பிடித்தால், உராய்வே சுமையைத் தாங்கும். கையில் சுற்றிக்கொண்டு பிடித்தால் கை போய்விடும். விழும் துண்டைக் கப்பியில் நிறுத்தும்போது கப்பியைக் கட்டிய இடத்தில் துண்டின் எடையைப்போல் பல மடங்கு இழுவை விழக்கூடும் என்பதால், ஓர் ஆண்டு அனுபவம் வரும்வரை ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய துண்டுகளை மட்டுமே இப்படி இறக்குங்கள்.

இறங்குதல்

பிடிமுடிச்சின் மேற்பகுதியை ஒரு கையால் மெல்ல அழுத்தி, மறு கையால் முடிச்சுக்குக் கீழுள்ள கயிற்றைப் பிடித்து, நடக்கும் வேகத்தில் இறங்குங்கள். வேகமாக இறங்கினால் முடிச்சுக்குள் சூடேறி நைலான் உருகிப் பளபளக்கத் தொடங்கும், அடுத்த முறை அதே இடம் சரியாகக் கவ்வாது.

தனியாக ஏறவே கூடாது. மீட்கத் தெரிந்த இன்னொருவர், தனக்கான கயிறும் ஹார்னெஸும் அணியத் தயாராகத் தரையில் இருக்க வேண்டும். மயங்கியவர் ஹார்னெஸில் அசைவின்றித் தொங்கினால் சில நிமிடங்களிலேயே இரத்த ஓட்டம் பாதிக்கப்படும் என்பதால், 108 ஆம்புலன்ஸ் வரும்வரை கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாதம் ஒருமுறையாவது, தாழ்ந்த கிளையில் ஒருவரைத் தொங்கவிட்டு இறக்கிப் பழகுவது இதற்காகத்தான்.

கயிற்றை மரத்திலிருந்து உருவும் முன் முனையிலுள்ள தடைமுடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கவையில் சிக்கி மீண்டும் ஏற வேண்டிவரும். தலைக்கவசத்தைக் கழற்றாமல், சற்றே விலகி நின்று இழுங்கள்; கடைசி முனை சாட்டையைப்போல் வந்து விழும். சேறோ மரப்பாலோ படிந்திருந்தால் வெறுந்தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, அன்று பிடிமுடிச்சு அதிகம் நின்ற பகுதியை மட்டும் இன்னொருமுறை விரலால் உருவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போடுங்கள்.